ரேஷன் பாமாயிலும் மூன்று வகை மண்ணும்

மாதத் தொடக்கத்தில் ரேஷன் கடை வரிசையில் நின்றால் இரண்டு கேள்விகள் தவறாமல் காதில் விழும். பருப்பு வந்துவிட்டதா? பாமாயில் இருக்கிறதா? 2007 முதல் சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தில் தமிழ்நாட்டுக் குடும்ப அட்டைகளுக்குக் கிடைத்துவரும் எண்ணெய் அது. லிட்டர் 25 ரூபாய். வெளிக்கடையில் நூறு ரூபாயைத் தாண்டி விற்கும் பொருள். தீபாவளிக்கு முறுக்கு சுடவும் மழை நாளில் அப்பளம் பொரிக்கவும் இந்தப் பாக்கெட்டை நம்பியிருக்கும் வீடுகளைக் கணக்கெடுக்க முடியாது.

அந்தப் பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கேள்வியை யோசிக்கலாம். ஒரு வட்டாரம் பொருளாதாரத்தில் வளரும்போது, அங்குள்ள நிலம் காற்றில் விடும் கார்பன் கூடுமா, குறையுமா? பொருளியல் பாடத்தில் ஒரு விடை உண்டு. ஏழ்மையிலிருந்து எழும்போது மாசு கூடும், ஓரளவு வசதி வந்தபின் குறையத் தொடங்கும். கவிழ்த்து வைத்த கிண்ணத்தைப் போன்ற வளைகோடு. தொழிற்சாலைப் புகைக்கு அது ஓரளவு பொருந்தலாம். நிலத்துக்கு அப்படியே பொருத்துவது தவறு என்று நினைக்கிறேன். எவ்வளவு வளர்ந்தோம் என்பதைவிட எந்த மண்ணின்மேல் வளர்ந்தோம் என்பதுதான் நிலத்தின் கார்பன் கணக்கைத் தீர்மானிக்கிறது. இதைப் புரிந்துகொள்ள, சுமத்ராத் தீவின் ரியாவ் மாகாணத்தைவிடத் தெளிவான இடம் எனக்குத் தெரிந்து வேறில்லை. பாமாயில் தரும் எண்ணெய்ப் பனை இந்தோனேசியாவிலேயே அதிகப் பரப்பில் நிற்கும் மாகாணம் அதுதான்.

முதலில் அடிப்படை. காய்ந்த மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி கார்பன். மண்ணிலும் மட்கிய இலை, வேர், சருகு வடிவில் கார்பன் சேர்ந்திருக்கும். காட்டை வெட்டி எரித்தாலோ, சதுப்பை வடித்துக் காயவிட்டாலோ அது கரியமில வாயுவாக மாறிக் காற்றில் கலக்கிறது. மனிதர்கள் வெளியேற்றும் கரியமில வாயுவில் சுமார் பத்தில் ஒரு பங்கு இப்படி நிலப் பயன்பாட்டு மாற்றத்தால் வருவது. உலகச் சராசரி அது. இந்தோனேசியாவில் பல ஆண்டுகளில் நாட்டின் மொத்த உமிழ்வில் ஏறத்தாழப் பாதி காட்டிலிருந்தும் சதுப்பு மண்ணிலிருந்தும் வந்திருக்கிறது.

எண்ணெய்ப் பனை இந்தத் தீவுகளின் மரமே அல்ல. மேற்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. 1848இல் ஜாவாவின் போகோர் தாவரவியல் தோட்டத்தில் நான்கு கன்றுகள் நடப்பட்டன. 1911 வாக்கில் சுமத்ராவில் வணிகப் பயிரானது. 1917இல் மலாயாவின் கோலசிலாங்கூர் அருகே முதல் வணிகத் தோட்டம் உருவானது. அதன் பெயர் தென்னமரம் தோட்டம். பெயரே தமிழ். மலேசியத் தமிழர்கள் ரப்பரைப் பால்மரம் என்றதுபோல் இதற்குச் செம்பனை என்று பெயர் வைத்தார்கள். பழக்குலையின் செந்நிறத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பெயரின் பொருத்தம் புரியும். அந்தத் தோட்டங்களில் வியர்வை சிந்திய தலைமுறைகளின் கதை தனியாக எழுத வேண்டியது. இங்கே ஒரு கணக்கு மட்டும்: 1980இல் இந்தோனேசியாவில் எண்ணெய்ப் பனை நின்ற பரப்பு சுமார் 3 லட்சம் ஹெக்டேர். இன்று 160 லட்சம் ஹெக்டேரைத் தாண்டிவிட்டது.

அது ஏன் அவ்வளவு வேகமாகப் பரவியது என்பதற்கு அந்தப் பழக்குலையிலேயே விடை இருக்கிறது. நன்கு விளைந்த குலை இருபது கிலோவுக்கு மேல் கனக்கும். நீண்ட கழியின் நுனியில் கட்டிய அரிவாளால் அறுத்து இறக்குவார்கள். அறுத்த 24 மணி நேரத்துக்குள் அது ஆலைக்குப் போய் ஆவியில் வேக வேண்டும். தாமதமானால் பழத்திலேயே எண்ணெய் கெட ஆரம்பித்து, விலை விழும். ஆகவே தோட்டம் இருக்கும் இடத்தில் ஆலை வேண்டும், ஆலைக்குச் சாலை வேண்டும். ஒரு நடுத்தர ஆலை நட்டமில்லாமல் ஓட ஐந்தாறாயிரம் ஹெக்டேர் தோட்டம் சுற்றிலும் தேவை. ஆலை வந்துவிட்டால் லாரி வரும், லாரிக்குப் பின்னால் உரக்கடை, வங்கி, மோட்டார் சைக்கிள் கடை, பள்ளிக்கூடம் எல்லாம் வரும். அதுவரை விலை பேச ஆளில்லாமல் கிடந்த காட்டு விளிம்புக்கு ஒரே நாளில் விலை வந்துவிடும். பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை அறுவடை என்பதால் ஆண்டு முழுவதும் கையில் காசு புரளும். நெல்லோ ரப்பரோ அந்த நிம்மதியைக் கொடுத்ததில்லை.

இதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஜாவாவில் துண்டு நிலம்கூட இல்லாமல் தவித்த குடும்பங்களை அரசு சுமத்ராவில் குடியேற்றி, பெரிய தோட்டத்தை ஒட்டி ஆளுக்கு இரண்டு ஹெக்டேர் என்று கொடுத்தது. அவர்களில் பலர் பிள்ளைகளைப் படிக்கவைத்து, கல்வீடு கட்டி நிமிர்ந்திருக்கிறார்கள். இந்தோனேசிய எண்ணெய்ப் பனைப் பரப்பில் ஐந்தில் இரண்டு பங்கு இன்று சிறு விவசாயிகள் கையில் இருக்கிறது. காட்டைக் காப்பாற்றுவதைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த மனிதர்களைக் கணக்கில் சேர்க்காமல் பேசினால், அந்தப் பேச்சை ரியாவில் யாரும் காதில் வாங்கமாட்டார்கள். வாங்கவும் தேவையில்லை.

இனி மண்ணுக்கு வருவோம். ஒரே கன்று, ஒரே உரம், ஹெக்டேருக்கு ஏறத்தாழ ஒரே வருமானம். நடப்பட்ட இடம் மட்டும் மூன்று விதம் என்று வைத்துக்கொள்வோம்.

முதலாவது, புல் மண்டிய தரிசு. எப்போதோ காடழிந்து, திரும்பத் திரும்ப எரிந்து, நம்மூர்த் தர்ப்பையின் இனமான புல் மட்டும் ஆளுயரத்துக்கு வளர்ந்து கிடக்கும் நிலம். அங்கே எண்ணெய்ப் பனை நட்டால், புல்லில் இருந்ததைவிடப் பல மடங்கு கார்பன் மரத்தில் சேரும். அதாவது இந்த வளர்ச்சி காற்றிலிருந்து கார்பனை எடுக்கிறது.

இரண்டாவது, சாதாரண மண்ணில் நின்ற மழைக்காடு. அங்கே ஹெக்டேருக்கு 150 முதல் 200 டன்னுக்கு மேலும் கார்பன் மரங்களில் இருக்கக்கூடும். எண்ணெய்ப் பனைத் தோட்டம் அதன் ஆயுள் முழுவதும் சராசரியாகத் தாங்குவது 40 டன் அளவு. வித்தியாசம் முழுவதும் வெட்டிய, எரித்த ஓரிரு ஆண்டுகளில் பெரும்பாலும் காற்றில் போய்விடும். இது ஒருமுறைக் கடன். பெரிய கடன்தான், ஆனால் அதற்கு ஒரு முடிவு உண்டு.

மூன்றாவது, பீட் நிலம். கடனுக்கு முடிவே தெரியாத மண் இது.

சுமத்ராவின் கிழக்குக் கரையோரமும், போர்னியோத் தீவின் இந்தோனேசியப் பகுதியான கலிமந்தானின் தாழ்நிலங்களும் பெரும்பாலும் இந்த மண்ணால் ஆனவை. பல ஆயிரம் ஆண்டுகளாக விழுந்த இலையும் கிளையும் வேரும் தேங்கிய நீரில் மூழ்கி, காற்றுப் படாததால் முழுதாக மட்காமல், ஆண்டுக்கு ஓரிரு மில்லிமீட்டர் என்று அடுக்கடுக்காகச் சேர்ந்தது. சில இடங்களில் பத்து மீட்டருக்கு மேல் ஆழம். கையில் அள்ளினால் நனைந்த தேங்காய் நார்க் கழிவுபோல் இருக்கும்; பிழிந்தால் தேநீர் நிறத்தில் தண்ணீர் சொட்டும். காய்ந்துவிட்டால் அதுவே எரிபொருள். அந்த மண்ணை மண் என்பதைவிட, தண்ணீருக்குள் பத்திரப்படுத்திய விறகுக் கிடங்கு என்பதே சரி.

எண்ணெய்ப் பனையின் வேர் தேங்கிய நீரில் பிழைக்காது. எனவே வாய்க்கால் வெட்டி, நீர்மட்டத்தை அரை மீட்டருக்கும் கீழே, முக்கால் மீட்டர்வரைகூட இறக்குகிறார்கள். நீர் இறங்கியதும் காற்று உள்ளே போகிறது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக நின்றுபோயிருந்த மட்கும் வேலை மறுபடி தொடங்குகிறது. வாய்க்கால் வெட்டிய முதல் ஐந்து ஆண்டுகளில் தரை ஒன்றரை மீட்டருக்கு நெருக்கமாக இறங்கிவிடும். பிறகு ஆண்டுக்கு ஐந்து சென்டிமீட்டர் அளவில் இறங்கிக்கொண்டே இருக்கும். அமுங்குவதால் இறங்குவது ஒரு பங்கு என்றால், காற்றில் கரைந்து காணாமல் போவது மீதி. மரங்களின் வேர் வெளியே தெரிந்து, மரமே குடிகாரனைப்போல் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும். வாசலில் தரை கீழே போகப் போக, வீட்டுக்குள் ஏறப் புதிதாக ஒரு படி வைக்க வேண்டியிருக்கும்.

இப்படி வடிக்கப்பட்ட பீட் நிலத்தில் எண்ணெய்ப் பனை நின்றால் ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 11 டன் கார்பன் வெளியேறும் என்று ஐ.நா.வின் காலநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கிடையிலான குழு 2013இல் வெளியிட்ட ஈரநிலக் கணக்கீட்டு வழிகாட்டி எடுத்துக்கொள்கிறது. கரியமில வாயுவாகக் கணக்கிட்டால் சுமார் 40 டன். ஒரு தடவை அல்ல, ஒவ்வோர் ஆண்டும். தீ வைக்காமலேயே.

ரேஷன் பாக்கெட்டுக்கு இதைக் கொண்டுவந்து பார்த்தேன். ஹெக்டேருக்கு ஆண்டுக்கு நான்கு டன் எண்ணெய் கிடைப்பதாகத் தாராளமாகவே வைத்துக்கொள்வோம். ஒரு டன் எண்ணெய்க்கு மண்ணிலிருந்து மட்டும் 10 டன் கரியமில வாயு. ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 9 கிலோ. ஒரு லிட்டர் பெட்ரோல் எரித்தால் வருவது 2.3 கிலோதான். ஆக, பீட் மண்ணில் விளைந்த ஒரு லிட்டர் பாமாயிலுக்குப் பின்னால் நான்கு லிட்டர் பெட்ரோல் எரிந்த அளவுக்குப் புகை இருக்கிறது. தரிசில் விளைந்த பாமாயிலுக்கு இந்தச் சுமை இல்லை. இரண்டும் ஒரே ஆலையில் பிழியப்பட்டு, ஒரே கப்பலில் கலந்து, ஒரே பாக்கெட்டில் வருகின்றன. வாங்குகிறவரால் பிரித்துப் பார்க்க வழியே இல்லை. மாகாணத்தின் உற்பத்திக் கணக்கிலும் இரண்டுக்கும் ஒரே மதிப்புத்தான் எழுதப்படுகிறது. மூன்று மண்ணின் வருமானத்தையும் கூட்டும் அந்தக் கணக்கேட்டில், மூன்றாவது மண் கீழே போய்க்கொண்டிருப்பதை எழுத ஒரு பத்திகூடக் கிடையாது.

1982இல் ரியாவ் நிலப்பரப்பில் நூற்றுக்கு 78 பங்கு காடு. 2007இல் 27 பங்கு. எண்ணெய்ப் பனை மட்டுமே காரணம் அல்ல. காகிதக்கூழ் ஆலைகளுக்காக அக்கேசியா மரத்தோட்டங்களும் பெரும்பரப்பைப் பிடித்தன. 2004இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட தெஸ்ஸோ நிலோவில், யானைகளும் புலிகளும் வாழும் அந்தக் காட்டுக்குள்ளேயே, பாதிக்கு மேல் எண்ணெய்ப் பனை நுழைந்துவிட்டது.

எல்லை போட்ட பூங்காவுக்குள் எப்படி நுழைந்தது? இங்கேதான் வட்டார வளர்ச்சி என்ற சொல்லுக்குள் இருக்கும் அரசியல் வெளியே வருகிறது. அதிபர் சுகார்த்தோவின் ஆட்சி 1998இல் கவிழ்ந்தபின், 2001 முதல் அதிகாரமும் வருவாயும் மாவட்டங்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டன. ஜனநாயகத்துக்கு நல்லதுதான். ஆனால் புபாத்தி எனப்படும் மாவட்டத் தலைவருக்குத் தேர்தலுக்குப் பணம் வேண்டும், மாவட்டக் கஜானாவுக்கு வருவாய் வேண்டும், கையில் இருப்பதோ நில உரிமம் கொடுக்கும் பேனா ஒன்றுதான். மாவட்டங்கள் பிரிந்து பிரிந்து, 300 அளவில் இருந்தவை இன்று 514 ஆகிவிட்டன. செயற்கைக்கோள் படங்களை வைத்து 2012இல் வெளியான பொருளியல் ஆய்வு ஒன்று, ஒரு மாகாணத்துக்குள் மாவட்டங்களின் எண்ணிக்கை கூடக் கூடக் காடழிப்பு கூடியதையும் உள்ளூர் மர விலை குறைந்ததையும் காட்டியது. பக்கத்து மாவட்டத்தோடு போட்டிபோட்டு மரத்தை மலிவாக விற்றிருக்கிறார்கள். அதே ஆய்வில் கவனிக்கத்தக்க இன்னொன்று: பெட்ரோலிய, எரிவாயு வருவாய் நன்றாக வந்த மாவட்டங்களில் குறுகிய காலத்துக்காவது காடழிப்பு குறைவு. வேறு வழியில் பணம் வந்தால் காட்டின்மேல் கை நீள்வது தாமதமாகிறது. ரியாவ் ஆளுநராக இருந்தவர்களில் ஒருவருக்கு மேற்பட்டோர் காட்டு நில உரிமம் சம்பந்தப்பட்ட ஊழல் வழக்குகளில் தண்டனை பெற்றதும் இந்தக் காலத்தில்தான்.

மத்திய அரசு செய்த தவறும் சிறியதல்ல. அரிசியில் தன்னிறைவு என்று சொல்லி, 1996இல் சுகார்த்தோ மத்திய கலிமந்தானில் பத்து லட்சம் ஹெக்டேர் பீட் நிலத்தை நெல்வயலாக்கும் திட்டத்தைத் தொடங்கினார். 4,000 கிலோமீட்டருக்கு மேல் வாய்க்கால் வெட்டினார்கள். அந்தப் புளித்த மண்ணில் நெல் விளையவில்லை. திட்டத்தைக் கைவிட்டார்கள், வாய்க்கால்கள் மட்டும் வடிந்துகொண்டே இருந்தன. 1997இல் எல் நினோ வறட்சி வந்தபோது காய்ந்த அந்த நிலம் மாதக்கணக்கில் எரிந்தது. அந்த ஆண்டு இந்தோனேசியாவின் காட்டுத்தீயிலும் பீட் தீயிலும் வெளியேறிய கார்பன், உலகம் முழுவதும் நிலக்கரியும் எண்ணெயும் எரித்து ஓராண்டில் வெளியேறும் கார்பனில் 13 முதல் 40 சதவீதம்வரை இருக்கும் என்று பின்னர் மதிப்பிட்டார்கள். வளர்ச்சி என்று ஒரு படி நெல்லாவது வந்திருந்தால்கூட மனம் ஆறியிருக்கும்.

பீட் தீ மேலே கொழுந்துவிட்டு எரிவதில்லை. தரைக்குக் கீழே கனன்றுகொண்டே நகரும்; ஓரிடத்தில் அணைத்தால் இன்னோரிடத்தில் புகையும். கனமழை வந்து நிலத்தை நனைத்தால்தான் அடங்கும். சிங்கப்பூர்த் தமிழ்ச் செய்திகளில் ஆண்டுதோறும் வரும் "புகைமூட்டம்" என்ற சொல் இந்தப் புகைக்குத்தான். 2013 ஜூன் 21 அன்று அங்கே காற்று மாசுக் குறியீடு 401ஐத் தொட்டது. முந்நூறைத் தாண்டினாலே ஆபத்தான நிலை. எதிரே உள்ள கட்டடம் கண்ணுக்குத் தெரியவில்லை. அப்போது எரிந்தது பெரும்பாலும் ரியாவ். 2015இல் நிலைமை இன்னும் மோசம்: 26 லட்சம் ஹெக்டேர் எரிந்தது. அந்த ஆண்டு செப்டம்பர், அக்டோபரில் அந்தத் தீயிலிருந்து நாளொன்றுக்கு வெளியேறிய கரியமில வாயு, ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் எரிபொருள் எரித்து ஒரு நாளில் விட்டதைவிட அதிகம். பொருளாதார இழப்பு 1,610 கோடி டாலர் என்று உலக வங்கி மதிப்பிட்டது. தீயால் நிலத்தைச் சுலபமாகத் துப்புரவு செய்தவரின் லாபம் மாகாண வளர்ச்சிக் கணக்கில் ஏறியது. மூச்சுத் திணறிய குழந்தையின் மருத்துவச் செலவும் அதே கணக்கில் வருமானமாகத்தான் ஏறியது.

அதன்பிறகு நடந்ததுதான் என் வாதத்துக்கு முக்கியம். 2011இல் முதன்மைக் காடுகளிலும் (முன்பு வெட்டப்படாத பழங்காடுகள்) பீட் நிலங்களிலும் புதிய உரிமங்களுக்குப் போட்ட தடை 2019இல் நிரந்தரமானது. பீட் நிலங்களை மீட்க 2016இல் தனி முகமை உருவானது. வாய்க்கால்களுக்குக் குறுக்கே அணை போட்டு நீரைத் தேக்குவதுதான் அதன் முதன்மையான வேலையாக இருந்தது. 2018 முதல் மூன்று ஆண்டுகள் புதிய எண்ணெய்ப் பனை உரிமங்கள் நிறுத்தப்பட்டன. 2016இல் 9 லட்சம் ஹெக்டேரை ஒட்டியிருந்த முதன்மைக் காட்டு இழப்பு, 2022இல் இரண்டேகால் லட்சம் அளவுக்கு இறங்கியது. இடையில் கொரோனா ஆண்டைத் தவிர, நாட்டின் பொருளாதாரம் ஆண்டுக்கு ஐந்து சதவீத அளவில் வளர்ந்துகொண்டுதான் இருந்தது. வளர்ச்சி நிற்கவில்லை, காட்டிலிருந்து கழன்றுகொண்டது.

இதில் அரசின் பங்கு எவ்வளவு, விலையின் பங்கு எவ்வளவு என்று கேட்பது நியாயமான கேள்வி. 2011இல் உச்சத்தில் இருந்த பாமாயில் விலை 2015இல் பாதிக்கும் கீழே விழுந்திருந்தது. விலை விழுந்தால் புதுத் தோட்டம் போடும் ஆசையும் விழும். இரண்டும் சேர்ந்தே நகர்ந்ததை ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் 2021, 2022இல் விலை வரலாறு காணாத உயரத்துக்குப் போனபோதும் காடழிப்பு பழைய அளவுக்குத் திரும்பவில்லை. தடைகளுக்கு உண்மையான வலு இருந்தது என்று எண்ண இது போதும். 2023இல் இழப்பு மறுபடி கூடியதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் காடழிப்பு குறைந்ததால் கார்பன் கணக்கு சரியாகிவிடவில்லை. இருபது ஆண்டுகளுக்கு முன் வடித்த பீட் நிலம் இன்றும் வடிகிறது. புதிதாக ஒரு மரம்கூட வெட்டாமல், ஒரு தீக்குச்சிகூடக் கிழிக்காமல், ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 40 டன் வீதம் வெளியேற்றிக்கொண்டிருக்கிறது. கவிழ்த்த கிண்ண வளைகோட்டை நம்புகிறவர்கள் மறந்துவிடுவது இதைத்தான். ஓர் ஆலையை மூடினால் அதன் புகை அன்றே நிற்கும். இந்த மண்ணோ மறுபடி நீரில் மூழ்கும்வரை நிற்காது. கரையோரத்தில் தரை இறங்கி இறங்கி ஆற்று மட்டத்தைத் தொட்டுவிட்டால், வாய்க்காலில் நீர் வடியாது. வெள்ளம் நின்று மரமும் சாகும். கார்பனும் போய், வருமானமும் போகும்.

பாமாயிலை ஒதுக்கிவிட்டால் தீருமா என்றால், அதுவும் இல்லை. எண்ணெய்ப் பனை ஒரு ஹெக்டேரில் தரும் எண்ணெயைச் சோயாவிலிருந்து எடுக்க ஏழெட்டு ஹெக்டேர் வேண்டும். ஒரு காட்டைக் காப்பாற்ற இன்னொரு கண்டத்தின் காட்டைக் கொடுக்க வேண்டிவரும். "அகல உழுவதைவிட ஆழ உழு" என்ற பழமொழி இங்கே அப்படியே பொருந்துகிறது. சிறு விவசாயிகளின் தோட்டங்களில் பல, தரமற்ற கன்றால் பாதி விளைச்சலே கொடுக்கின்றன. நல்ல கன்றும் மறுநடவுக்குக் கடனும் கிடைத்தால், ஒரு சென்ட் புது நிலம் இல்லாமல் எண்ணெயைக் கூட்டலாம். ஒரே ஓர் எச்சரிக்கை: காட்டு எல்லை உறுதியாக இல்லாத இடத்தில் விளைச்சல் கூடினால் லாபம் கூடும், லாபம் கூடினால் அடுத்த காட்டின்மேல் கண் போகும்.

இப்போது நம் பக்கம். உலகிலேயே அதிகமாகப் பாமாயில் இறக்குமதி செய்யும் நாடு இந்தியா. பெரும்பகுதி இந்தோனேசியாவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வருகிறது. 2020ஆம் ஆண்டில் நம் காடும் மரங்களும் பிற நிலங்களும் 52 கோடி டன் கரியமில வாயுவை உள்வாங்கியதாக ஐ.நா.வுக்கு இந்தியா அளித்த அறிக்கை சொல்கிறது. நம் நிலம் சுத்தமாகத் தெரிவதற்கு ஒரு காரணம், நாம் தின்னும் எண்ணெயின் நிலம் ரியாவில் இருப்பதுதான். உமிழ்வு விளைந்த நாட்டின் ஏட்டில் எழுதப்படுகிறது, தின்ற நாட்டின் ஏட்டில் அல்ல. 25 ரூபாய்ப் பாக்கெட்டுக்காக வரிசையில் நிற்கும் பெண்மணியின்மேல் இந்தப் பழியைப் போடுவது அநியாயம். ஆண்டுக்கு 80, 90 லட்சம் டன் வாங்கும் ஒரு தேசம், எந்த மண்ணில் விளைந்தது என்று விற்பவரைக் கேட்காமல் இருப்பதுதான் கேள்விக்குரியது.

அதே கேள்வி இப்போது நம் மண்ணுக்கே வந்துவிட்டது. 2021 ஆகஸ்டில் மத்திய அரசு 11,040 கோடி ரூபாயில் எண்ணெய்ப் பனைக்கான தேசிய இயக்கத்தை அறிவித்தது. வடகிழக்கு மாநிலங்களுக்கும் அந்தமானுக்கும் அதில் தனிக் கவனம். ஆந்திராவிலும் தெலங்கானாவிலும் ஏற்கெனவே உழுத வயலில் இந்த மரம் வளர்கிறது. அங்கே கவலை நிலத்தடி நீரைப் பற்றியது, காட்டைப் பற்றியது அல்ல. மிசோரமின் மலைச்சரிவும் அருணாசலத்தின் அடிவாரமும் வேறு மண். சிறிய அந்தமானில் மழைக்காட்டை வெட்டி ஆயிரத்து ஐந்நூறு ஹெக்டேர் அளவில் போட்ட பழைய எண்ணெய்ப் பனைத் தோட்டம் ஒன்று உண்டு. 2002இல் உச்ச நீதிமன்ற உத்தரவுக்குப்பின் அது விரிவடையவில்லை. புதிய இயக்கத்தின் இலக்குகள் மாநில வாரியாக, ஹெக்டேர் கணக்கில் எழுதப்பட்டிருக்கின்றன. அந்த ஹெக்டேர்களில் எத்தனை தரிசு, எத்தனை மலைச்சரிவுக் காடு என்று தனியாக ஒரு பத்தி போட்டு எழுதும்படி அந்தந்த மாநிலச் சட்டமன்றங்களில் கேட்கலாம். கன்று நடுவதற்கு முன்னால் கேட்க வேண்டும். நட்டால் இருபத்தைந்து ஆண்டுகள் நிற்கும் மரம் அது.